முதலுக்கு இரண்டு விலை

பூங்காவனம் அக்கா எங்கள் மேசைமேல் ஒரு காகிதக் கட்டைப் போட்டுவிட்டு, விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வந்தவர் துடைப்பது போல இருந்தது.

"என் எண்ணூறு பங்கும் செத்துப்போச்சுன்னு இதுல எழுதியிருக்கு. நிஜமாவே செத்துதா, இல்ல யாராச்சும் கழுத்தை நெரிச்சாங்களான்னு பார்த்துச் சொல்லுங்க," என்றார்.

துப்பறியும் ஆபீஸுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அதுவரை வந்ததில்லை. வந்தவையெல்லாம் காணாமல் போன இரண்டு சைக்கிளும் ஓடிப்போன ஒரு மருமகனும்தான். சைக்கிள்கள் கிடைத்தன. மருமகனையும் கண்டுபிடித்தோம். அவனைக் கூட்டி வர வேண்டாம் என்று மாமனார் சொல்லிவிட்டார்.

எங்கள் ஆபீஸ் மலாக்காவில், காஜா பெராங் சாலையில் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முதலாளி சுப்பையன் அண்ணன் பதினைந்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் எரிந்துபோன கடைகளை மோந்து பார்த்தவர். மண்ணெண்ணெய் தானாகக் கொட்டியதா, கொட்டப்பட்டதா என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். நான் ஹாஜா. எட்டு வருஷம் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுத்தேன். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே 'இல்லை' என்று சொல்லிப் பழகிய முகம் என்னுடையது. அந்த முகத்துக்காகத்தான் அண்ணன் என்னை வேலைக்குச் சேர்த்தார். எங்கள் இரண்டு பேர் சேமிப்பும் அந்த மாடியில்தான் இருந்தது, நாற்காலியாகவும் பெயர்ப்பலகையாகவும்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம் மார்ச் மாதம். மெர்டேக்கா, மலாயாவின் சுதந்திரம், வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஊரில் வெள்ளைக்காரத் துரைகள் குறைந்து, அவர்களைப் போலப் பேசுகிற நம் ஆட்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள்.

பூங்காவனம் அக்காவை ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஜப்பான்காரன் சயாம் ரயில் போடக் கூட்டிப்போன புருஷன் திரும்பவில்லை. சண்டை முடிந்ததும் சாப்பாட்டு மெஸ் ஆரம்பித்தார். கிராணிகள் என்கிற குமாஸ்தாக்களும் போலீஸ்காரர்களும் மெக்கானிக்குகளும் அங்கேதான் சாப்பிட்டார்கள். நாற்பத்தெட்டில், இருந்த நகையையும் மெஸ்ஸில் சேர்ந்ததையும் போட்டு, காஜா பெராங் ஐஸ் கம்பெனியில் ஐந்து வெள்ளி வீதம் எண்ணூறு பங்கு வாங்கினார். நாலாயிரம் வெள்ளி, அதாவது மலாயா டாலர். அதுதான் அவர் கையில் இருந்த ஒரே முதல்.

சுப்பையன் அண்ணன் கட்டைப் பிரித்தார். மேலே ஒரு கடிதம். ஐஸ் கம்பெனி டைரக்டர் கணேசமூர்த்தி கையெழுத்துப் போட்டிருந்தார். கம்பெனியை ஆராய்ந்து விலை மதிக்க, லண்டனில் படித்த ஆலோசகர் பொன்னுதுரையைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தாராம். முடிவு மனசை உடைக்கிறதாம். இருந்தாலும் பங்குதாரர்கள் கஷ்டப்படக் கூடாது என்பதால், 'மார்ச் 14 தேதியிட்ட திரு. பொன்னுதுரை அறிக்கையில் காணும் விலைக்கு', கொடுக்கப்படும் பங்கு அத்தனையையும் தாமே வாங்கிக்கொள்வதாக உறுதி கூறியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தமிழ்ப்பள்ளியில் கூட்டம்.

"இவ்வளவு நல்லவரா இவரு?" என்றேன்.

"நல்லவங்க கடிதத்துல இத்தனை 'வருத்தம்' இருக்காது. ஏழு எண்ணிட்டேன்," என்றார் அண்ணன்.

கடிதத்துக்குக் கீழே இங்கிலீஷில் நாலு பக்க அறிக்கை. அண்ணன் படித்து எங்களுக்குச் சொன்னார். கம்பெனியில் பத்தாயிரம் பங்கு. இரண்டாயிரம் கணேசமூர்த்தியுடையது, எட்டாயிரம் மற்ற இருபத்துமூன்று பேருடையது. வருஷ லாபம் ஆறாயிரம் வெள்ளி. ஆனால் கம்பெனியில் போட்ட முதலுக்கு விலை நூற்றுக்கு இருபது. ஆகவே கம்பெனி வருஷா வருஷம் பங்குதாரரின் செல்வத்தை அழிக்கிறது. ஒரு பங்கின் உண்மை மதிப்பு மூன்று வெள்ளி.

"லாபம் வருது, ஆனா நஷ்டம்ங்கிறாரு. இது எந்த ஊர் கணக்குண்ணே?" என்று கேட்டேன்.

"உன்கிட்ட நூறு வெள்ளி இருக்குன்னு வச்சுக்க."

"வச்சுக்கிறேன். நல்லாத்தான் இருக்கு."

"போஸ்ட் ஆபீஸ்ல போட்டா வருஷத்துக்கு மூணு வெள்ளி வரும், நிம்மதியா தூங்கலாம். காட்டுல தங்கம் தோண்டப் போறவன் அதையே கேட்டா, நீ எவ்வளவு கேப்பே?"

"முப்பதாச்சும் கேப்பேன். புலி அடிச்சா முதலே போயிடும்."

"பயத்துக்குத் தகுந்த கூலி. இதே அளவு ஆபத்துக்கு வெளியில எவ்வளவு கிடைக்குமோ, அதுதான் அந்த முதலுக்கு விலை. அதுக்கு மேல சம்பாதிச்சாத்தான் கம்பெனி புதுசா எதையாவது உண்டாக்குச்சுன்னு அர்த்தம். கீழ சம்பாதிச்சா, லாபம்னு பேர் சொல்லிக்கிட்டு உன் முதலைக் கரைக்குது. அந்த ஆள் சொல்ற முறை தப்பில்ல, ஹாஜா. ஆறாயிரம் சம்பாதிக்கிற கம்பெனி, முதலுக்கு இருபதுன்னு வச்சா முப்பதாயிரம்தான் பெறும். பங்கு மூணு வெள்ளி. கணக்கும் சரி."

"அப்ப கேஸ் முடிஞ்சுதா?"

"இருபதுங்கிற எண் மட்டும் எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதல. பாக்கி எல்லாத்துக்கும் காரணம் இருக்கு. அந்த எண் அனாதையா வந்து நிக்குது. ஐஸ் விக்கிறதுல தங்கம் தோண்டுற அளவுக்கு என்ன ஆபத்து?"

"ஐஸ் உருகும்ணே."

"மலாக்கா வெயில் உருகாதே."

பூங்காவனம் அக்கா எழுந்தார். "எனக்கு இன்னைக்கு வியாழக்கிழமைன்னு மட்டும் தெரியும். சனிக்கிழமைக்குள்ள விலை என்னன்னு சொல்லுங்க. ஃபீஸ் ஐம்பது வெள்ளி. அதுக்கு மேல கேட்டா சாப்பாட்டுல கழிச்சுக்குவேன்."

*

பொன்னுதுரை ரெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். அன்று சாயங்காலமே போனோம். நான் சினிமாக் கொட்டகை முதலாளி, சுப்பையன் அண்ணன் என் கணக்கப்பிள்ளை. பையைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். இரண்டு வருஷச் சம்பள பாக்கிக்கு அது ஓரளவு ஈடானது.

ஆலோசகர் வெள்ளைச் சூட்டில், வாயில் பற்ற வைக்காத சுங்கானோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. யாழ்ப்பாணத் தமிழ் இனிமையாக வந்தது.

"என் கொட்டகைக்கு விலை மதிக்கணும் சார். உங்க பேரு ஊரெல்லாம் அடிபடுது," என்றேன்.

"நல்லது, இருங்கோ." நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கொட்டகை எங்கே என்று கேட்கவில்லை. எத்தனை நாற்காலி, என்ன வசூல், ஒன்றையும் கேட்கவில்லை. பேனா மூடியைக் கழற்றிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நீங்கள் வாங்கிறீங்களோ, விக்கிறீங்களோ?"

எனக்குப் பின்னால் சுப்பையன் அண்ணன் லேசாக இருமினார். எரிந்த கடையில் மண்ணெண்ணெய் வாசம் வந்தால் அவர் அப்படித்தான் இருமுவார்.

"அது தெரிஞ்சாத்தான் விலை சொல்வீங்களா சார்?"

"அது தெரியாமல் எப்படி விலை சொல்றது?" அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "நீங்கள் வாங்கிறதெண்டால், சினிமா மிகவும் ஆபத்தான தொழில். படம் விழும், தீப்பிடிக்கும், சனத்தின்ர மனசு மாறும். முதலின்ர விலை நூற்றுக்கு இருபத்திரண்டு. கொட்டகை மலிவாய் வரும். விக்கிறதெண்டால், சனத்துக்குச் சினிமா சோறு மாதிரி. ஆபத்தே இல்லை. ஏழு போடலாம்."

"கொட்டகை ஒண்ணுதானே சார்?"

"கொட்டகை ஒண்டுதான். பார்வை ரெண்டு. ஒரு அறிக்கைக்கு இருநூறு வெள்ளி. ரெண்டும் வேணுமெண்டால் முந்நூறு. இந்த மாசந்தான் ஒரு பெரிய மனிசருக்கு அப்படிச் செய்து குடுத்தனான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். பாவம், வாசல் வரை வந்து கைகுலுக்கி அனுப்பினார்.

தெருவுக்கு வந்ததும் பையை என் கையில் திணித்தார் அண்ணன். "கொலைகாரன்கூட கத்தியை ஒளிச்சு வைப்பான். இவர் விலைப்பட்டியல் வச்சிருக்காரு."

"அப்ப இன்னொரு அறிக்கை இருக்கு."

"இருக்கு. அதுல இருபது இருக்காது. அது யார் கைக்குப் போச்சு, அதான் கேள்வி." கட்டைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். இடது மூலையில் பொடி எழுத்தில் ஆலோசகர் பெயரின் முதலெழுத்து, ஒரு கோடு, பிறகு 'கே'. "டைப் அடிச்சவங்க முதலெழுத்தைப் போடுறது பழக்கம். மலாக்காவுல இங்கிலீஷ் டைப் அடிக்கிறவங்கள்ல 'கே' யாரு?"

எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். என் வேலை விண்ணப்பங்கள் பதினாறையும் அடித்துக் கொடுத்தவள்.

*

கோகிலா புங்கா ராயா சாலையில், மருந்துக் கடையின் பின்கட்டில் ஒரு டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் நுழைந்தபோது தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"பதினேழாவது விண்ணப்பமா, ஹாஜா அண்ணே?"

"இல்ல. இது நீ அடிச்சதா?"

அறிக்கையைப் பார்த்ததும் அவள் மூக்கு சிவந்தது. "அந்தச் சூட்டுக்காரரா? எனக்கு ஏழு வெள்ளி தரணும். முதல்ல நாலு பக்கம் அடிச்சேன், கூலி கொடுத்தாரு. மறுநாள் வந்து, 'ஒரு எண்ணை மட்டும் மாத்து, இருபதுக்குப் பதிலா ஆறு'ன்னாரு. அந்த எண் மாறினா அதுக்குக் கீழ வர்ற எல்லா எண்ணும் மாறுது. 'ஆபத்தான தொழில்'னு இருந்த இடத்துலெல்லாம் 'பத்திரமான தொழில்'னு போடச் சொன்னாரு. நாலு பக்கமும் திரும்ப அடிச்சேன். எது சார் சரி, தப்பா போயிடப் போவுதுன்னு கேட்டேன். ரெண்டும் சரிங்கிறாரு. முடிஞ்சதும், ஒரே எண்ணைத்தானே மாத்தினே, அதுக்கு ஏன் ரெண்டாவது கூலின்னு போயிட்டாரு."

"தேதி?" என்றார் சுப்பையன் அண்ணன்.

"தேதியை மாத்தச் சொல்லல. பழைய தேதியேதான்."

"கார்பன் காப்பி இருக்கா?"

கோகிலா இழுப்பறையைத் திறந்தாள். "காசு கொடுக்காத சரக்கு கடைக்காரிக்குத்தான் சொந்தம். ஏழு வெள்ளி."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கடைசியில் என் சட்டைப் பையிலிருந்துதான் போனது.

இரண்டாவது அறிக்கையில் அதே கம்பெனி, அதே ஆறாயிரம் லாபம். முதலின் விலை நூற்றுக்கு ஆறு. ஆகவே கம்பெனி ஒரு லட்சம் வெள்ளி பெறும். பங்கு பத்து வெள்ளி. மேலே முகவரி: சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட், பைனான்ஸ்காரர் சேதுபதி. 'எட்டாயிரம் பங்குகள் வாங்க டைரக்டர் கணேசமூர்த்தி கேட்டுள்ள எண்பதாயிரம் வெள்ளிக் கடன் தொடர்பாக.'

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். "பங்கு பத்துன்னு காட்டி எண்பதாயிரம் கடன் வாங்குறாரு. மூணுன்னு காட்டி இருபத்துநாலாயிரத்துக்கு வாங்குறாரு. மீதி ஐம்பத்தாறாயிரம்..."

"மீதிக்குத்தான் அவ்வளவு வருத்தம்," என்றார் அண்ணன்.

"போலீசுக்குப் போவோமா?"

"போய் என்ன சொல்ல? ஒரு படிச்ச மனுஷன் திங்கட்கிழமை ஒரு கருத்தும் செவ்வாய்க்கிழமை ஒரு கருத்தும் வச்சிருந்தார்னா? அதுக்குச் சட்டத்துல செக்‌ஷன் கிடையாது. வேண்டாம். நாளைக்குக் கூட்டத்துல ரெண்டையும் படிச்சுக் காட்டுவோம். ஒருத்தரும் விக்க மாட்டாங்க. பங்கு பிழைச்சுது, கேஸ் முடிஞ்சுது."

"உண்மையான விலைதான் என்ன?"

அண்ணன் கார்பன் காப்பியை மடித்துப் பையில் வைத்தார். "மீன் மார்க்கெட்டுல ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சேன். இந்த மாதிரி சின்ன வியாபாரத்துல பணம் போடுறவன் நூற்றுக்குப் பன்னிரண்டு எதிர்பார்க்கிறான். கம்பெனி சம்பாதிக்கிறதும் ஐம்பதாயிரத்துக்கு ஆறாயிரம், அதாவது பன்னிரண்டு. போட்ட ஐந்து வெள்ளி ஐந்து வெள்ளியாவே இருக்கு. பத்து வருஷமா இந்தக் கம்பெனி எதையும் அழிக்கல, எதையும் உண்டாக்கவும் இல்ல. டைரக்டர் தூங்கியிருக்காரு, அவ்வளவுதான்."

அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி பூங்காவனம் அக்காவிடம் கொடுத்தோம், கார்பன் காப்பியையும் காட்டினோம். அவர் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காகிதத்தின் தேதியையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு, "சிங்கப்பூருக்கு ஒரு டிரங்க் கால் போடுங்க. அந்த சேதுபதியும் கூட்டத்துக்கு வரட்டும். காசு நான் தரேன்," என்றார்.

*

சனிக்கிழமை பள்ளிக்கூட பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மீன் வியாபாரிகள், இரண்டு ஓய்வுபெற்ற கிராணிகள், பல தலைமுறைக்கு முன் வந்த தமிழர்கள் வாழ்கிற கம்போங் செட்டியிலிருந்து வீரப்ப நாயக்கர் என்ற பெரியவர். கடைசிப் பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒல்லியாக ஒரு வேட்டிக்காரர். அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எங்களுக்கு மட்டும் தெரியும். கணேசமூர்த்தி கடன் பேசியதெல்லாம் ஏஜெண்டு மூலமாக. சேதுபதியின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

கணேசமூர்த்தி பேச எழுந்தார். உயரமான மனிதர், கழுத்தில் டை. பக்கத்தில் பொன்னுதுரை சுங்கானோடு.

"வெள்ளைக்காரன் போயிட்டான். இது நம்ம நாடு. இனி நம்ம கம்பெனிகளை நாம விஞ்ஞான முறையில பார்க்கணும். விஞ்ஞானம் சொல்லுது, நம்ம ஐஸ் கம்பெனி முதலைத் தின்னுது. பத்து வருஷம் உங்களுக்காக உழைச்ச எனக்கு இதைச் சொல்ல நாக்கு வரல. நஷ்டம் என்னோட போகட்டும். பங்குக்கு மூணு வெள்ளி, ரொக்கமா, திங்கட்கிழமை."

முன்வரிசையில் ஒரு மீன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுப்பையன் அண்ணன் எழுந்தார். பூங்காவனம் அக்காவின் சார்பில் வந்திருப்பதாகச் சொல்லி, முதல் அறிக்கையின் கடைசிப் பத்தியைப் படித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு கார்பன் காப்பியை எடுத்து இரண்டாவதைப் படித்தார். பாதியில் தலையாட்டல் நின்றுவிட்டது. பத்து வெள்ளி என்ற இடம் வந்தபோது மாடியில் புறா நடப்பது கேட்டது.

வீரப்ப நாயக்கருக்குத் தமிழ் அவ்வளவு வராது. கம்போங் செட்டிக்காரர்கள் வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டு, ஆலோசகரை நேராகப் பார்த்தார்.

"மானா சாத்து பெத்துல்?" எது சரி என்று கேட்டார்.

பொன்னுதுரை சுங்கானை எடுத்தார். "டுவா-டுவா பெத்துல்." இரண்டும் சரியாம்.

சிரிப்பு பின்பெஞ்சிலிருந்து தொடங்கி முன்னால் வந்தது. அது முன்பெஞ்சை அடைந்தபோது சிரிப்பாக இல்லை. இரண்டு மீன்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆலோசகர், ஆறு மணி பஸ் இருப்பதாகச் சொல்லி, தொப்பியைக்கூட எடுக்காமல் பக்கவாசல் வழியாகப் போனார்.

கணேசமூர்த்தி கையை உயர்த்தினார். வியர்த்திருந்தது. "குழப்பம் நடந்திருக்கு. விற்க விருப்பமில்லைன்னா யாரும் விற்க வேணாம். கூட்டம் முடிஞ்சுது."

"கேட்டீங்கல்ல," என்றார் சுப்பையன் அண்ணன், கூட்டத்தைப் பார்த்து. முகத்தில் வெற்றிக் களை. "பங்கு ஐந்து வெள்ளிக்குக் குறையாது. யாரும் விக்காதீங்க. வீட்டுக்குப் போங்க."

"நான் விக்கிறேன்," என்றார் பூங்காவனம் அக்கா.

அண்ணன் திரும்பினார். எரியாத கடையில் புகையைப் பார்த்தவர் போல நின்றார்.

அக்கா எழுந்து முன்னால் போய், டைரக்டர் மேசைமேல் அவருடைய கடிதத்தையே விரித்து வைத்தார். "இதுல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மார்ச் பதினாலாந்தேதி பொன்னுதுரை அறிக்கையில காணும் விலைக்கு, கொடுக்கிற பங்கு எல்லாத்தையும் வாங்கிக்குவேன்னு. கார்பன் காப்பியும் பதினாலாந்தேதிதான். கீழ அதே ஆள் பேரு. ரெண்டும் சரின்னு இப்பதான் அவரே சொல்லிட்டுப் போனாரு. எனக்கு இது பிடிச்சிருக்கு. எண்ணூறு பங்கு, பத்து வெள்ளி."

"அது உங்களுக்கு எழுதினது இல்ல," என்றார் கணேசமூர்த்தி.

"எனக்குத்தான் எழுதினது." கடைசிப் பெஞ்சிலிருந்து குடைக்காரர் எழுந்து வந்தார். "நான் சேதுபதி, சிங்கப்பூர். பங்கு பத்துன்னு காட்டி, எட்டாயிரம் பங்கு வாங்கத்தான் எண்பதாயிரம் கொடுத்தேன். பணம் அதுக்குப் போகணும். மூணுக்கு வாங்கிட்டு மீதியை வேறெங்கேயாச்சும் கொண்டுபோனா, அதுக்குச் சட்டத்துல செக்‌ஷன் இருக்கு. இங்கேருந்து போலீஸ் ஸ்டேஷன் பக்கந்தானே?"

"உங்க பணத்தை இன்னைக்கே திருப்பித் தரேன்."

"எதுக்கு?" சேதுபதி நிஜமாகவே புரியாமல் கேட்டார். "திருப்பி வாங்கி நான் அதை என்ன செய்யறது? வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி வருது. உங்க வீட்டுப் பத்திரமும் பத்து-பெரெண்டாம் கிராமத்து நிலமும் என் பெட்டியில இருக்கு. கம்பெனி பத்து பெறுமா, ரெண்டு பெறுமாங்கிறது எனக்குத் தேவையில்லாத விஷயம்."

"முதலுக்கு விலை ஆறுன்னு ஒரு அறிக்கையை நம்பி, பத்து வட்டிக்குக் கடன் கொடுத்தீங்களா சார்?" என்று கேட்டேன். நாக்கை அடக்க முடியவில்லை.

"நான் அறிக்கையைப் படிக்கல தம்பி. பத்திரத்தைப் படிச்சேன்."

கணேசமூர்த்தி வாசலைப் பார்த்தார். வாசலில் மீன்காரர்கள் நின்றார்கள். அவர் உட்கார்ந்து, பேனாவை எடுத்து, பங்கு வாங்க அவரே கொண்டுவந்திருந்த பாரங்களில் முதலாவதில் கையெழுத்துப் போட்டார். பூங்காவனம் அக்காவுக்குப் பின்னால் வரிசை நின்றது. நாயக்கர் இரண்டாவது ஆள்.

*

வெளியே வந்ததும் சுப்பையன் அண்ணன் அக்காவின் கூடவே வேகமாக நடந்தார்.

"பங்கைக் காப்பாத்தத்தானே எங்ககிட்ட வந்தீங்க?"

"விலை என்னன்னு சொல்லுங்கன்னுதான் வந்தேன். விக்க மாட்டேன்னு எப்ப சொன்னேன்?"

அண்ணன் நினைத்துப் பார்த்தார். சொல்லவில்லைதான்.

"என் மெஸ் இருக்கிற கட்டடத்தை விக்கப் போறாங்க. ஏழாயிரத்து ஐந்நூறு. இந்த மாசக் கடைசிக்குள்ள நான் வாங்கலைன்னா வேற ஆள் வாங்கி என்னை வெளியேத்திடுவான். மெஸ்ல நூறு வெள்ளி போட்டா ஒரு வருஷத்துல முப்பது நிக்குது. ஐஸ்ல பன்னிரண்டு. என் முதலுக்கு என்ன விலைன்னு எனக்குத் தெரியாதா?" சற்று நின்று மூச்சு வாங்கினார். "இன்னொண்ணு. ஐஸ் கம்பெனி மெக்கானிக்கு நாலு பேரும் என்கிட்டதான் சாப்பிடறாங்க. கம்ப்ரஸர் இந்த வருஷத்தைத் தாண்டாதாம். டைரக்டர்கிட்ட மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டாங்க. அவருக்குத் தெரியும். ஐம்பத்தாறாயிரத்தை எடுத்துக்கிட்டு, செத்த மெஷினை சிங்கப்பூர்க்காரர் தலையில கட்டிட்டுப் போயிடலாம்னு இருந்தாரு."

"உண்மையான விலை ஐந்துதான்," என்றார் அண்ணன் மெதுவாக. "நீங்க பத்து வாங்கிட்டீங்க."

"பத்துன்னு நானா எழுதினேன்? அவர் காசு கொடுத்து எழுத வச்ச விலை."

ஐம்பது வெள்ளியை எண்ணி அண்ணன் கையில் வைத்தார். டிரங்க் காலுக்குத் தனியாக இரண்டு வெள்ளி. பிறகு எங்கள் மாடியைப் பற்றி விசாரித்தார்: எவ்வளவு போட்டீர்கள், வருஷத்துக்கு என்ன நிற்கிறது. அண்ணன் உண்மையைச் சொல்லிவிட்டார். அக்கா அதைக் கேட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் ராத்திரிச் சாப்பாடு இலவசம் என்றார். அண்ணன் ஐம்பது வெள்ளியை இன்னொரு தடவை எண்ணினார்.

ஐஸ் கம்பெனி அந்த வருஷமே மூழ்கிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். வருஷத்துக்கு எண்ணாயிரம் வட்டி, ஆறாயிரம் லாபம், சாகக் கிடக்கிற மெஷின். பத்து வருஷம் மற்றவர்களின் பணம் கணேசமூர்த்திக்குச் சும்மா கிடைத்தது. மெஷின் ரூம் எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரியாது. இப்போது மாதம் பிறந்தால் சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்தது. காரை விற்றார். அந்தப் பணத்தில் பினாங்கிலிருந்து பழைய கம்ப்ரஸர் ஒன்றைப் பார்த்து வாங்கி வந்து மாட்டினார். டையைக் கழற்றிவிட்டுக் காலை ஆறு மணிக்கே மெக்கானிக்குகளோடு நின்றார். தெரெண்டாக்கில் ராணுவ முகாம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே நாலு தடவை நடந்து, வேலையாட்களுக்கு ஐஸ் போடுகிற ஒப்பந்தத்தை வாங்கினார்.

நவம்பரில் ஒரு நாள் காலையில் ஐஸ் கம்பெனி வழியாகப் போனேன். லாரிக்காரன் கட்டிகளை வெயிலில் இறக்கி வைத்துவிட்டான் என்று கணேசமூர்த்தி கத்திக்கொண்டிருந்தார். முழங்கை வரை கிரீஸ். என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். வாய்க்கு வந்ததைத் திட்டினார். பிறகு, "இந்த மாசம் வட்டி போக எழுபது வெள்ளி நின்னுச்சு. உங்க முதலாளிகிட்ட சொல்லு," என்றார்.

எழுபது வெள்ளி. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை ஒரு லட்சம் என்று எழுதிய காகிதத்தில்கூட நான் பார்க்கவில்லை. இந்த ஆளை முழுசாக வெறுக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அன்று அது முடியவில்லை.

மத்தியானம் மெஸ்ஸில் இதைச் சொன்னேன். பூங்காவனம் அக்கா ரசம் ஊற்றுகிற கையை நிறுத்தினார்.

"வட்டி போகவா?"

"வட்டி போக."

"அவரே கிட்ட நின்னு பார்க்கிறாரா?"

"ஆறு மணிக்கே வந்துடறாரு."

அக்கா மீதி ரசத்தை ஊற்றினார். அடுத்த இலைக்குப் போய்ச் சோறு வைத்தார். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, நூறு பங்கு கொடுப்பாரா, என்ன விலை சொல்கிறார் என்று விசாரித்துக்கொண்டு வரச் சொன்னார்.